அயன்மையும் இனமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கம் குடும்பப் பதிவேடு ஒன்று தொகுக்க முற்பட்டிருப்பதை நீவிர் அனைவரும் அறிவீர். தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், மணப்பாடு முதலிய கடற்றுறைகளிலும், கொழும்பு முதலிய வெளியூர்களிலும் வாழும் நம் பரதகுலத்தார் பெயரெல்லாம் அதில் ஏறவேண்டுமென்பது கருத்து. இந்நன்முயற்சியின் நடுவே ஒரு வினா எழுந்துள்ளது. பிற குலத்தாரை மணந்துகொண்ட நம் பிள்ளைகளையும் அவர்தம் மக்களையும் அப்பதிவேட்டில் எழுதலாமா, ஆகாதா என்பதே அது. ஆகாதென்போர் கூறும் காரணம் ஒன்றே. நம் இரத்தம் வேறு, பிறர் இரத்தம் வேறு, நாம் தனி இனம் என்பதாம். எழுதலாமென்போரும் இக்காரணத்தை மறுத்தாரல்லர். பிள்ளைகளின்பால் இரக்கங் காட்டவேண்டுமென்றே பேசினர்.

ஆகவே இரு திறத்தாரும் ஒப்புக்கொண்டுவிட்ட அக்காரணத்தையே இன்று ஆராயத் துணிந்தோம். அயலார் என்னும் எண்ணம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. இரத்தத்தால் வேறுபட்ட இனம் என்னும் எண்ணமோ அத்தகையதன்று. அது ஒரு காலத்தில், ஓரிடத்தில், ஒரு நோக்கம் பற்றி உருப்பெற்றது. பின்னர்க் கப்பலேறி நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குதலே நம் இடர்ப்பாட்டிற்கு வேர் என்பது எமது துணிபு.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். இனம் என்பது பழந்தமிழ்ச் சொல்லே. ஆயின் முன்னோர் அதனை இரத்தத்தின் பெயராக ஆண்டிலர். ஆநிரையின் கூட்டமும் இனம். ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டமும் இனம். திருவள்ளுவனார் சிற்றினஞ்சேராமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆண்டுச் சிற்றினம் என்றது தாழ்ந்த பிறப்பினரை அன்று. கீழ்மைக் குணமுடையாரின் கூட்டத்தை. சேராதே என்று ஒருவனுக்கு அறிவுரை கூறுவதாயின், சேர்தலும் விலகலும் அவன் கையில் இருத்தல் வேண்டும். பிறப்பிலேயே முடிந்துபோன ஒன்றைக் குறித்து அறிவுரைக்கு இடமேது? தேர்ந்துகொள்ளத்தக்க தோழமையே அப்புலவர் பெருமான் கண்ட இனம் என்க.

மக்களை வகைப்படுத்தவும் நம் முன்னோர்க்கு ஒரு முறை இருந்தது. தொல்காப்பியனார் உயிர்களை அறிவின் அளவு பற்றி ஆறாகப் பகுத்து, மக்கள் அனைவரையும் ஆறறிவுடையார் என ஒரு வகையில் அடக்கினார். அதன் உட்பிரிவு நிலமும் தொழிலும் பற்றி வந்தது. குறிஞ்சியில் வாழ்வார் குறவர். முல்லையில் வாழ்வார் ஆயர். நெய்தலில் வாழ்வார் பரதவர். மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தையும் தென்பரதவரையும் ஒருங்கே கூறுகின்றது. கடலும் மரக்கலமும் முத்தும் உப்பும் நம்மைப் பரதவராக்கின.

அக்காலத்தில் அயலார் இலரோ எனின், இருந்தனர். வடவேங்கடத்திற்கு அப்பாற்பட்ட நாடுகளை மொழிபெயர் தேயம் என்றனர். மொழி மாறும் இடமே அயல்நாட்டின் எல்லையாயிற்று. மேலைக் கடலோடிகளை யவனர் என்றனர். அச்சொல் அயோனியா என்னும் கிரேக்க நாட்டுப்பெயரின் வழி வந்தது. முல்லைப்பாட்டு, அரசனது பாசறையிற் காவலிருந்த யவனரையும், வாய்பேசாது கைச்சாடையாற் கருத்துணர்த்திய மிலேச்சரையும் காட்டுகின்றது. அவர்தம் உடை வேறு, பேச்சு வேறு, தோற்றம் வேறு என்று புலவர் வியக்கின்றார். ஆயினும் அரசன் தான் துயிலும் இடத்திற்கு அவரையே காவல் வைத்தான். அயன்மை ஆண்டு உண்டு; அதனால் நம்பிக்கை கெட்டதில்லை. மொழியாலும் உடையாலும் வந்த அயன்மை கற்றாற் குறையும், பழகினால் நீங்கும்.

இனி, நீங்காத அயன்மை எங்ஙனம் தோன்றிற்று என்பதைக் காண்போம். அதற்கு நாம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலைக்குச் செல்லவேண்டும்; நம் கரைக்குப் பின்னர் வந்த போர்த்துக்கேயரின் நாடும், அதனை அடுத்த ஸ்பெயின் நாடும் ஆண்டுள்ளன. அங்கே கிறிஸ்தவரும் யூதரும் முஸ்லிம்களும் பன்னூற்றாண்டு கலந்து வாழ்ந்தனர். யூதன் ஒருவன் ஞானஸ்நானம் பெற்றால் அவன் அயலானல்லன் என்பது பழைய வழக்கு. பின்னர் வற்புறுத்தலாலும் அச்சத்தாலும் யூதர் பெருந்தொகையினராக மதம் மாறினர். போர்ச்சுகலில் 1497-ஆம் ஆண்டில் யூதர் யாவரும் கட்டாய ஞானஸ்நானத்திற்கு உட்பட்டனர். மாறியவர் கல்வியிலும் வாணிகத்திலும் பதவியிலும் ஏனையோர்க்கு நிகராக உயர்ந்தபோது, பழங்குடியினர்க்குப் பொறாமை மூண்டது. இவரை இனி மதத்தைக் காட்டி விலக்குதல் இயலாது. ஆகவே வேறொன்று வேண்டியிருந்தது. தொலேதோ நகரத்தார் 1449-ஆம் ஆண்டிலேயே, யூத வழியில் வந்த கிறிஸ்தவர் நகரப் பதவி வகித்தலாகாதென விதி செய்திருந்தனர். குருதித் தூய்மை என்னும் இக்கொள்கை பின்னர்க் கோயில்களிலும் கல்லூரிகளிலும் துறவற சபைகளிலும் பரவியது.

இதன் உட்பொருளை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அயலாரை அயலாரென்று விலக்குதற்கு இக்கொள்கை தேவைப்படவில்லை. அயலாராயிருந்தோர் எல்லை கடந்து நம்மவராய் வந்துவிட்டபின், அவரை மீட்டும் அயலாராக்குதற்கே அது தேவைப்பட்டது. நம்பிக்கை மாறும், மொழி மாறும், உடை மாறும். மாறாததாக ஒன்றைக் காட்டவேண்டி இரத்தத்தைக் காட்டினர். கோவருபியாஸ் என்பார் 1611-இல் வெளியிட்ட காஸ்டிலிய மொழி அகராதியில் ராசா என்னும் சொல்லுக்குக் கூறும் பொருள் நோக்கத்தக்கது. நல்ல குதிரையின் கால்வழி என்பது ஒரு பொருள். துணியில் வேறுபட்டு ஓடும் இழை என்பது மற்றொன்று. மக்கட்கால்வழியிற் சொன்னால் மூர் அல்லது யூதக் கலப்பென்னும் இழிபொருள் படும் என்கிறார். ஆங்கிலத்தார் ரேஸ் என்பது இச்சொல்லோடு உறவுடையது. ஜாதியைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் காஸ்ட் என்பதும், கால்வழி எனப் பொருள்படும் போர்த்துக்கேயரின் காஸ்தா என்னும் சொல்லிலிருந்து வந்ததே. நம்மை நாம் அளந்துகொள்ளும் கோல்கள் இரண்டும் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை என்பது இதனால் விளங்கும்.

அக்கப்பல்கள் நம் கரைக்கு வந்தன. முத்துக்குளிப்பு உரிமை பற்றிக் காயல் முஸ்லிம்களோடு பகை மூண்டபோது, நம் முன்னோர் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கேயரின் துணையை நாடினர். 1530-களில் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் சவேரியார் வந்தார். இவை நம் இல்லந்தோறும் சொல்லப்படும் செய்திகள். ஆயின் சவேரியாருக்குப்பின் வந்த ஒருவரைப்பற்றி நம் இளைஞர் பலர் அறியார். அவரே ஹென்றிக்கு ஹென்றிக்கஸ் பாதிரியார்; தமிழிலே அன்றிக்கு அடிகள் எனப்படுவார்.

இவர் போர்ச்சுகல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். யூத மரபினின்று கிறிஸ்தவமடைந்த குடும்பத்தினர். அத்தகையாரை அந்நாட்டார் புதுக்கிறிஸ்தவர் என்று குறித்து வைத்தனர். இவர் முதலிற் பிரான்சிஸ்கு சபையிற் சேர்ந்தார். குலத்தைக் காரணங்காட்டி அச்சபையார் விலக்கினர். பின்னர் 1545-இல் இயேசு சபையிற் புகுந்து, கடல் கடந்து முத்துக்குளித்துறைக்கு வந்து, ஏறக்குறைய ஐம்பதாண்டு நம்மவரோடு வாழ்ந்து, 1600-ஆம் ஆண்டில் இக்கரையிலேயே உயிர் நீத்தார். நம்மவரும் அன்று புதுக்கிறிஸ்தவரே. தாய்நாட்டில் அச்சொல்லால் இழிக்கப்பட்டவர், அதே சொல்லாற் குறிக்கப்பட்ட மக்களிடையே வந்து தமது இல்லத்தைக் கண்டார்.

அவர் செய்தது யாது? தமிழ் கற்றார். பேச்சுத் தமிழோடு அமையாது, ஐரோப்பியர் கற்றற்பொருட்டுத் தமிழ் இலக்கணமும் எழுதினார். நம்மவர் பொருளுதவியோடு தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்க நூலை 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் அச்சேறிய பெருமையைத் தமிழ் எய்தியது இவ்வாறே. தமிழாசிரியர் என்ற முறையில் யாம் இதனை நினைக்குந்தோறும் உள்ளம் உருகுகின்றோம். இரத்தம் தூய்தன்று என்று ஒரு நாடு ஒதுக்கியவருடைய கையே நம் மொழியை அச்சுக்கு ஏற்றியது. யூத, முஸ்லிம் வழியினரைச் சேர்த்தலாகாதென்று 1593-இல், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, இயேசு சபையாரும் விதி செய்தனர். அவ்விதி முற்றும் நீக்கப்பெற்றது 1946-ஆம் ஆண்டில்தான். யூதரின் பாட்டன் பாட்டியரை எண்ணி உரிமை பறித்த ஜெர்மானிய நாஜிச் சட்டம் 1935-இல் வந்து, கொலைக்களத்தில் முடிந்த பின்னரே அக்கதவு திறந்ததென்பதை மறத்தலாகாது.

போர்த்துக்கேயர்க்குப்பின் ஒல்லாந்தரும், அவர்க்குப்பின் ஆங்கிலேயரும் வந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் இரத்தக் கொள்கை விஞ்ஞானத்தின் உடையணிந்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அது மொழிக் குடும்பத்தைப் பற்றிய அரிய நூல். ஆயின் மொழிக் குடும்பத்தை மக்கட் குடும்பமாக மயங்கினோர் அந்நாளிற் பலராயினர். அவர் 1849-இல் நம் அண்டையரான நாடார் பெருமக்களைக் குறித்து எழுதிய சிறு நூல் அவர்தம் மனத்தைப் புண்படுத்தியமையும் நீவிர் அறிந்ததே. ஆரியம் என்பது மொழியின் பெயர், அதனைக் கொண்டு ஆரிய இரத்தமென்றும் ஆரிய மண்டையோடென்றும் பேசுதல் பெரும்பிழை என்று மாக்ஸ் முல்லர் 1888-இல் எச்சரித்தார். கேட்டவர் சிலரே.

சென்னை அரும்பொருட்காட்சிசாலையின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த தர்ஸ்டன் என்பார் நம் கரைக்கு அறிமுகமானவர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளைப்பற்றி 1890-இல் நூல் எழுதியவர் அவரே. பின்னர் அவர் மக்களை அளக்கப் புகுந்தார். மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், தோலின் நிறத்தை அறியவும் கருவி வைத்தார். ரங்காசாரியார் என்பவர் துணையோடு 1909-இல் தென்னிந்திய ஜாதிகளைப்பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1901-ஆம் ஆண்டின் குடிமதிப்பை நடத்திய ரிஸ்லி துரையோ, மூக்கின் அகலம் மிக மிக ஜாதியின் மதிப்புக் குறையும் என்றே துணிந்துரைத்தார். கோவிந்த சதாசிவ குரியே என்னும் அறிஞர் 1932-இல் அவ்வளவுகளையே மறுபடி ஆராய்ந்து, வட நாட்டின் ஒரு பகுதிக்கு அப்பால் அவ்விதி செல்லாதென்று காட்டினார். சிப்பியின் அளவைக் கொண்டு அதன் பருவத்தை அறிதல் கூடும். மூக்கின் அளவைக் கொண்டு மனிதன் தகுதியை அறிதல் யாங்ஙனம்?

அக்காலத்தில் ஒவ்வொரு குலத்தாரும் தமது மூலத்தை உயர்த்திக் கூற முற்பட்டனர். நம்மவரும் விலக்கல்லர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியார் 1837-இல் நம் குலத்தின் வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது, அயோத்தியே நம் பூர்விக நாடென்று நம்மவர் நம்பியதைக் குறித்துள்ளார். வேறு கதைகளும் உள. தாழ்த்தியுரைப்பார் நடுவே தலைநிமிர்ந்து நிற்றற்கு அக்கதைகள் உதவின. அவற்றைச் சொன்ன பெரியோரை யாம் பழியோம். ஆயினும் பிறன் நம்மைத் தாழ்த்துதற்குக் கொண்ட கோலையே நாமும் எடுத்து, அதில் உயர்ந்த எண்ணைக் காட்ட முயன்றோம் என்பது உண்மை. கோல் பொய்யென்று சொல்லத் துணிந்தோமில்லை.

கோல் பொய்யென்பதற்கு நம் பெயர்களே சான்று. பர்னாந்து, கோமஸ், மச்சாடோ, ரோச் என்னும் பெயர்களைக் கேட்ட வெளியூரார், இவர் பறங்கியர் வழியினரோ என்று வினவுதல் உண்டு. ஞானஸ்நானத்தின்போது போர்த்துக்கேய ஞானத்தந்தையரின் பெயரை ஏற்றதனால் வந்த பெயர்கள் அவை. பெயர் கடல் கடந்து வந்தது. இரத்தம் வரவேண்டிய அவசியமில்லை. சாவி, அலமாரி, ஏலம், மேசை என்பனவும் அம்மொழியினின்று வந்த சொற்களே. அவற்றை வழங்கும் தமிழரெல்லாம் பறங்கியர் ஆவரோ?

இதனினும் வலிய சான்று ஒன்று இலங்கையில் உள்ளது. தூத்துக்குடியினின்று கொழும்பு, நீர்கொழும்பு முதலிய இடங்களுக்குச் சென்று நிலைத்த நம்மவர் வழியினர், அந்நாட்டின் 2012-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகர், பறங்கியர் முதலியோரோடு ஒப்பப் பரதர் என்று தனி இனமாகக் குறிக்கப்பட்டுள்ளனர். ஒரு பாட்டனின் இரு பேரரில், இக்கரையில் நின்றவன் தமிழருள் ஒரு ஜாதியான். அக்கரை சென்றவன் தமிழரோடு ஒப்ப வைத்து எண்ணப்படும் வேறோர் இனத்தான். இடையே மாறியது இரத்தமோ? கணக்கெழுதுவார் இட்ட கட்டமே மாறியது.

இன்றைய உயிர்நூலார் கூறுவதையும் சுருங்கச் சொல்வோம். மக்களிடையே காணும் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து பங்கு ஒரே கூட்டத்தாருள்ளேயே காணப்படுகிறதென்று லெவொன்டின் 1972-இல் கணக்கிட்டுக் காட்டினார். இந்திய மக்கட்கூட்டங்களை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இன்றைக்கு ஏறத்தாழ 4200 ஆண்டுக்கும் 1900 ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டார் பெருமளவு கலந்தனரென்றும், அதன்பின்னரே தத்தமக்குள் மணம் செய்யும் கட்டுப்பாடு இறுகிற்றென்றும் கூறுகிறது. கலவாத குருதியுடையார் இந்நாட்டில் மிக அரியர் என்பதே இதன் பொருள்.

இங்கே கற்ற இளைஞர் ஒருவர் தடை எழுப்பலாம். "ஐயா, ஒரு ஜாதியாரிடையே சில மரபணு அடையாளங்கள் மிகுந்து காணப்படுகின்றன என்றும் அதே நூலார் சொல்கின்றனரே?" என்பார். மெய்தான். பல தலைமுறை தமக்குள்ளேயே மணந்தால் அடையாளம் சில மிகும். அவற்றோடு சில பிறவி நோய்களும் மிகுமென்று 2017-இல் வந்த மற்றோர் ஆய்வு எடுத்துரைத்தது. ஆயினும் காரணம் எது, காரியம் எது என்று தெளிதல் வேண்டும். வேலியிட்டதனால் அடையாளம் வந்தது; அடையாளம் இருந்ததனால் வேலி வந்ததன்று. வேலி விளைத்ததையே வேலிக்குச் சான்றாகக் காட்டுதல் தருக்கமாகாது.

பிறரைப்பற்றிப் பேசினோம், இனி நம்மையும் நோக்குவோம். நம் ஒரு குலத்துள்ளேயே மேசைக்காரரென்றும் கம்மாரக்காரரென்றும் இரு பிரிவு வழங்கிற்று. முன்னவர் வாணிகமும் செல்வமும் உடையார். பின்னவர் கடலிற் சென்று உழைத்தார். அயோத்திக் கதை இருவர்க்கும் ஒன்றே, துறை ஒன்று, கோயில் ஒன்று, பெயரும் ஒன்றே. ஆயினும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினர். இதற்கு எந்த இரத்த வேறுபாட்டைக் காட்டுவோம்? செல்வமும் தொழிலும் முன்னே பிரித்தன; பிறப்பு வேறு என்னும் எண்ணம் பின்னே வந்து அப்பிரிவிற்குக் காவல் நின்றது. நம் வீட்டினுள்ளேயே நிகழ்ந்த இதனை உணர்ந்தோமாயின், இனம் என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிய வேறு நூல் வேண்டா.

இனிப் பதிவேட்டின் வினாவிற்கு வருவோம். பிற குலத்தில் மணந்தவரின் பிள்ளைகள் நம் தெருவில் வளர்கின்றனர். நம் மொழியைப் பேசுகின்றனர். பனிமயமாதா திருவிழாவில் தேர் வடம் பிடிக்கின்றனர். நம் இல்லத்து இழவில் உடன் அழுகின்றனர். அவர்தம் தாயோ தந்தையோ எல்லை கடந்து நம்மிடம் வந்துவிட்டார். வந்துவிட்டவரை மீட்டும் அயலாராக்குதற்கு இரத்தத்தைக் காட்டுவோமாயின், தொலேதோ நகரத்தார் செய்ததையே தூத்துக்குடியில் நாம் செய்வோராவோம். அன்றிக்கு அடிகளை விலக்கிய விதியை நம் கையாலேயே எழுதுவோராவோம்.

குல மரபு அழிந்துபடுமே என்று பெரியோர் அஞ்சுவது எமக்குத் தெரியும். அவ்வச்சம் எளிதாகத் தள்ளத்தக்கதன்று. 1961-ஆம் ஆண்டிற்குப்பின் இக்கரையில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. பாரின் பெயரும், நீரோட்டத்தின் பெயரும், காற்றின் பெயரும் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். காக்கவேண்டிய மரபு அதுவே. சொல்லிக் கொடுத்தாற்றான் அது நிற்கும்; யார் கற்பினும் அது அவர்க்கு உரியதாகும். இரத்தத்தில் அஃது இல்லை என்பதற்கு, அச்சொற்களை அறியாத நம் சொந்தப் பிள்ளைகளே சான்று.

முத்துக்குளிப்பில் நம் முன்னோர் கைக்கொண்ட வழக்கமொன்றைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர். நீரில் மூழ்குவோனது உயிர் மேலே கயிறு பிடிப்போன் கையில் உள்ளது. அக்கயிற்றை உடன்பிறந்தான் கையிற் கொடாது மைத்துனன் கையிற் கொடுப்பர். தன் தங்கை தாலியிழக்க எவனும் ஒருப்படான் என்பது அதன் கருத்து. மைத்துனன் யார்? வேறொரு வீட்டிற் பிறந்து, மணத்தினால் உறவானவன். இரத்தத்தைக் காட்டிலும் மணத்தினால் வந்த உறவை நம்பி நம் பாட்டன்மார் கடலில் இறங்கினர்.

ஆதலின் யாம் சங்கத்தார்க்குச் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. பதிவேட்டில், தம்மை நம்மவரென்று கருதி முன்வரும் எல்லாக் குடும்பத்தையும் எழுதுக. மணந்து வந்தவரின் ஊரையும், அவர் பெற்றோர் பெயரையும், அவர் தொழிலையும் மறையாது எழுதுக. பூர்விகம் என்னும் தலைப்பில் அயோத்தியை எழுதுவதினும், அவரவர் அறிந்த தாத்தன் பாட்டியின் பெயரையும், அவர்கள் தொழில் செய்த துறையையும் எழுதுதல் நலம். எவர் பெயரையும் அடித்தல் வேண்டா.